நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு? – குறையறியாமல் குறைநீக்குவோர் கவனத்திற்கு



இப்பக்கத்தில் பெரும்பாலும் இலக்கணம், பாடநூல், பள்ளிச் சிக்கல்கள் ஆகியவற்றையே எழுதி வந்திருக்கிறேன். இன்று ஒரு பழைய மகிழுந்தின் ஹீட்டர் கோர் ஒழுகிய கதையை எழுதுகிறேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று நினைப்பவர்கள் தயவுகூர்ந்து இறுதிவரை படியுங்கள். மூன்று பட்டறைகள் ஏறி இறங்கிய பிறகு, ஒரு மலைப்பாதையில் என் தாயாரையும் மகளையும் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் நின்ற பிறகு, இதை எழுதாமல் இருப்பது தகாது என்று தோன்றியது.

என் வண்டி ஐரோப்பியத் தயாரிப்பு, 1992இல் பதிவானது. என் தந்தையார் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றபோது பழைய வண்டியாக வாங்கினார். அவர் மறைவுக்குப் பின் என்னிடம் வந்தது. இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லாத உறவினர் இல்லை. விற்க மனம் வரவில்லை. அது என் பலவீனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹீட்டர் கோர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் விற்கப்படும் பல சிறு மகிழுந்துகளில் சூடேற்றியே கிடையாது. ஆதலால் பலர் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். குளிர்நாட்டுக்காக வடிவமைக்கப்பட்ட வண்டிகளில் டேஷ்போர்டுக்கு உள்ளே, ஏறத்தாழ ஒரு தடித்த அகராதி அளவில், ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். இயந்திரத்தைச் சுற்றிச் சூடேறிய நீர் இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக அதற்குள் சென்று திரும்பும். விசிறி அதன்மீது காற்றை ஊதினால் வண்டிக்குள் வெப்பக்காற்று வரும். அவ்வளவே. ஆனால் அந்தக் குட்டிப் பெட்டி ஓட்டையானால், இயந்திரத்தைக் குளிர்விக்க வேண்டிய நீர் நம் காலடியில் வந்து சேரும்.

முதல் பட்டறை: "ஏர்கோன் தண்ணிதான்"

2022ஆம் ஆண்டின் இறுதியில் இடப்பக்க முன்னிருக்கையின் காலடிக் கம்பளம் நனைந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டு போனேன். குனிந்து தொட்டுப் பார்த்தவர், "ஏர்கோன் தண்ணிதான் வாத்தியாரே" என்றார். வடிகுழாயை ஊதினார். நான் கேட்காமலேயே ஏர்கோனுக்கு வாயுவும் நிரப்பினார். 130 வெள்ளி.

அவருடைய ஊகத்தை நான் குறை சொல்லவில்லை. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஏர்கோன் ஓடும்போது அதன் குளிர்ச்சுருளில் நீர் கோத்துக்கொண்டு சொட்டும். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் அந்நீர் வண்டிக்குள்தான் வரும். நம் நாட்டில் கம்பளம் நனைந்தால் முதலில் ஐயுற வேண்டியது அதைத்தான். என் குற்றச்சாட்டு வேறு. ஊகித்தவர் ஊகத்தைச் சோதிக்கவில்லை. "இரண்டு நாள் ஏர்கோனைப் போடாமல் ஓட்டுங்கள். அப்போதும் நனைந்தால் மீண்டும் வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். செலவில்லாத சோதனை அது. ஏர்கோனைப் போடாதபோதும் கம்பளம் நனைந்தால் அது ஏர்கோன் நீர் அன்று. மழை பெய்த மறுநாள் மட்டும் நனைந்தால் கண்ணாடி ரப்பரையோ கதவு ரப்பரையோ பார்க்க வேண்டும். மழையும் இல்லை, ஏர்கோனும் இல்லை, ஆயினும் நனைகிறது என்றால் ஹீட்டர் கோர் பக்கம் திரும்ப வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும் முறை இது.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் தந்தையாரின் பழக்கத்தைப் பின்பற்றி நானும் ரேடியேட்டருக்குக் குழாய்நீரையே ஊற்றி வந்தேன். கூலண்ட் என்னும் நிறமுள்ள நீர்மத்தை ஊற்றியிருந்தால், கம்பளத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒற்றியவுடன் பச்சையோ சிவப்போ காட்டிக் கொடுத்திருக்கும். வழவழப்பும் இனிப்பு வாடையும் சேர்ந்து சாட்சி சொல்லியிருக்கும். வெறுந்தண்ணீரை ஊற்றினால் ஒழுகும் நீருக்கும் ஏர்கோன் நீருக்கும் வேறுபாடே தெரியாது. குழாய்நீர் இயந்திரத்தை அரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அரித்த தடயத்தையும் மறைத்துவிடுகிறது.

இரண்டாம் பட்டறை: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்"

சில மாதங்களில் ரேடியேட்டர் நீர் குறையத் தொடங்கியது. இரண்டு வாரத்திற்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. அடியில் எங்கும் சொட்டவில்லை. இரண்டாம் பட்டறையில் முன்மூடியைத் திறந்து பார்த்த போமன், ஒரு கருவியையும் எடுக்காமல் தீர்ப்பு வழங்கினார்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். 1,800 வெள்ளி ஆகும்." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பழைய வண்டி, தண்ணி குறையுது, வெளியில ஒழுகல. வேற என்ன?" என்றார்.

கம்பளம் நனைகிறது என்று சொன்னேன். அது வேறு, இது வேறு என்றார். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. பணம் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். ஒரு போத்தல் பச்சைக் கூலண்டை விற்று, ஊற்றி அனுப்பினார். அவர் அறியாமல் செய்த அந்த ஒரு நன்மைதான் பிறகு உண்மையைக் காட்டியது.

மலைப்பாதையில்

2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் தாயாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு கேமரன் மலைக்குச் சென்றோம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பாதையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளைவுக்குப் பின் வளைவு. ஒரு புறம் பாறை, மறுபுறம் பள்ளம். திரும்பி இறங்கும்போது மாலை மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் குளிரில் வலிக்கும். ஆண்டுக்கணக்கில் தொடாத சூடேற்றியைத் திருகிவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழியவில்லை. வண்டிக்குள் பாகு காய்ச்சுவது போன்ற ஓர் இனிப்பு வாடை. மகள், "அப்பா, மிட்டாய் வாசம்" என்றாள். முன்கண்ணாடியின் உட்புறம் வெண்படலம் ஏறியது. துணியால் துடைத்தேன். சாதாரணப் பனிப்படலம் துடைத்தால் போய்விடும். இது எண்ணெய் போலத் தேய்ந்து பரவியது. எதிரே காய்கறி ஏற்றிய லாரியின் விளக்கு அந்தப் படலத்தில் பட்டு, கண்ணாடி முழுவதும் ஒரே வெளிச்சமாகிவிட்டது. சாலைக்கோடு தெரியவில்லை. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை மழையில் நீட்டி, பாதையோரத்தைப் பார்த்துக்கொண்டு நடைவேகத்தில் நகர்ந்து, சற்று அகலமான இடத்தில் நிறுத்தினேன். என் கைகள் நடுங்கின. அம்மா ஒன்றும் பேசவில்லை. மகளைத் தம் மடிமீது இழுத்துக்கொண்டார்.

அந்த இனிப்பு வாடை எத்திலீன் கிளைக்கோல் என்னும் பொருளுடையது. கூலண்டில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இனிக்கும், ஆனால் நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இனிப்புக்காக அதைச் சுவைத்துவிடும் ஆபத்து உண்டு. என் மகள் மாதக்கணக்கில் காலணியைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பளத்தில்தான் கால் வைத்து அமர்ந்து வந்தாள்.

மூன்றாம் பட்டறை: "வெட்டிவிடலாம்"

மூன்றாம் பட்டறைக்காரர் வாடையைப் பிடித்தவுடனே ஹீட்டர் கோர் என்று சொல்லிவிட்டார். அந்த அளவில் அவருக்கு நன்றி. ஆனால் அவர் சொன்ன மருந்து இதுதான்: "ஐம்பது வெள்ளி கொடுங்க. ரெண்டு ஓஸையும் கழற்றி ஒன்னோட ஒன்னு சேத்துடலாம். நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு வாத்தியாரே?"

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அது ஏன் ஒழுகியது?"

அவர் சிரித்தார். "பழைய வண்டி" என்றார்.

பழைய வண்டி என்பது காரணம் அன்று. அது வயது. காய்ச்சலோடு வரும் முதியவரிடம் "வயதாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? திருக்குறளின் மருந்து அதிகாரம்கூட நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், பிறகு தணிக்கும் வழி என்னும் வரிசையைத்தான் வைக்கிறது. முதற்படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு மூன்றாம் படிக்குத் தாவும் வழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போய்விட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பார்த்த பிறகு சொன்னவர்

எங்கள் ஊரின் ஓரத்தில் இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் என் முன்னாள் மாணவர். கோயில் திருவிழாவில் சந்தித்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். "ஐயா, நாளைக்குக் காலையில வண்டி ஆறியிருக்கும்போது கொண்டு வாங்க. முதல்ல பார்ப்போம். பார்த்த பிறகு சொல்றேன்" என்றார். ஓராண்டில் எந்தப் பட்டறையிலும் நான் கேட்காத வாக்கியம் அது.

அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கும் பயன்படும்.

முதலாவது, இயந்திரம் முற்றிலும் ஆறியிருப்பதை உறுதி செய்துகொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சூடாக இருக்கும்போது உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தில் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தவுடன் பொங்கி முகத்தில் அடிக்கும். அப்படி வெந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மூடி இருந்த இடத்தில் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை மாட்டி, அந்த வண்டிக்குரிய அளவான 1 பார் வரை அழுத்தினார். பத்து நிமிடத்தில் முள் 0.7க்கு இறங்கியது. வெளியே ஒரு சொட்டும் இல்லை.

மூன்றாவது, சூடேற்றிக்குச் செல்லும் குழாய், அதிலிருந்து திரும்பும் குழாய் இரண்டையும் ரப்பர் சேதமாகாத கிடுக்கியால் இறுக்கிப் பிடித்துவிட்டு மீண்டும் அழுத்தினார். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. கிடுக்கியைத் தளர்த்தினார், முள் இறங்கியது. ஒழுக்கு சூடேற்றிப் பாதையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

"சூடேற்றியை நான் திருகவே இல்லையே. பிறகு ஏன் இத்தனை மாதம் கம்பளம் நனைந்தது?" என்று கேட்டேன். வாங்கும் குழாயில்தான் அடைப்பான் இருக்கிறது. திரும்பும் குழாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆகவே ஓட்டம் இல்லாவிட்டாலும் அழுத்தம் கோரை எட்டிக்கொண்டேதான் இருக்கும் என்று விளக்கினார். மெல்லக் கசிந்தது, மலையில் அடைப்பானைத் திறந்து கொதிநீரையும் விசிறியையும் ஓடவிட்டதும் ஆவியாகக் கண்ணாடியில் படிந்தது.

நான்காவது, இயந்திரத்தைச் சூடாக்கி, ரேடியேட்டர் வாயில் நீலநிற நீர்மம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழலை வைத்தார். ஹெட் கேஸ்கெட் உடைந்து எரிவாயு நீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டாம் பட்டறையின் 1,800 வெள்ளித் தீர்ப்பு அந்தக் குழலில் தள்ளுபடியாயிற்று.

ஐந்தாவதுதான் முக்கியம். யாரும் திரும்பிப் பாராத ரேடியேட்டர் மூடியைத் தனியே சோதித்தார். 1 பாரில் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய மூடி, 1.6 வரை ஏற்றியும் திறக்கவில்லை. குழாய்நீரின் சுண்ணப் படிவும் துருவும் அதன் சுருள்வில்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு நான் ஒவ்வொரு முறையும் விளிம்புவரை நீரை ஊற்றி, சூட்டில் விரிய இடமே இல்லாமல் செய்திருக்கிறேன். ஏறிய அழுத்தம் எங்கே வலு குறைவோ அங்கே உடைத்தது. அரிப்பால் மெலிந்திருந்த ஹீட்டர் கோர் முதலில் விட்டுக்கொடுத்தது.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். ஐம்பது வெள்ளிக்கு ஓஸைச் சேர்த்துவிட்டு வந்திருந்தால் என்னவாகியிருக்கும்? மூடி அப்படியே இருக்கும். அழுத்தம் அப்படியே ஏறும். அடுத்து ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பிளந்திருக்கும். அப்போதும் "பழைய வண்டி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதுக் கோரை மாட்டிவிட்டு மூடியை மாற்றாமல் விட்டிருந்தாலும் கதை அதுவே.

மாற்றிய விதம்

ஹீட்டர் கோரின் விலை பெரிதில்லை. அதை அடைவதுதான் வேலை. இரண்டு நாள் ஆயிற்று. பேட்டரி இணைப்பைக் கழற்றி, நீரை வடித்து, நடுமேடை, கையறைப் பெட்டி, டேஷ்போர்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் பிடித்தார். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எந்த இடத்தினுடையவை என்று எழுதி ஒட்டினார். கோரின் குழாய்முனையில் இறுகியிருந்த பழைய ஓஸை இழுக்கவில்லை. நீளவாக்கில் கீறி உரித்தார். இழுத்தால் மெல்லிய முனை வளைந்துவிடும் என்றார். என் வண்டியில் ஏர்கோன் வாயுவை வெளியேற்றாமலேயே கோரை எடுக்க முடிந்தது. சில வண்டிகளில் அது முடியாது. அப்படியானால் வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டுமேயன்றிக் காற்றில் திறந்துவிடக் கூடாது. காற்றுப்பை உள்ள வண்டிகளில் பேட்டரியைக் கழற்றிய பின் சில நிமிடங்கள் காத்திருந்தே கைவைக்க வேண்டும்.

வெளியே வந்த கோரின் ஓரத் தொட்டியும் குழல்களும் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வாளி நீரில் அமிழ்த்திக் காற்று ஊதினார். மூன்று இடங்களில் குமிழி. அதை எனக்குக் காட்டிய பிறகே புதியதைப் பொருத்தினார். முத்திரை வளையங்களும் சுற்றியுள்ள பஞ்சும் புதியவை. நனைந்த கம்பளத்தையும் அடிப்பஞ்சையும் எடுத்து அலசி வெயிலில் காயவைத்தார். அதைச் செய்யாவிட்டால் வாடையும் படலமும் போகா, தரைத்தகடும் துருப்பிடிக்கும். வடித்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய தோம்பில் சேர்த்தார்.

பிறகு கூலண்டும் வாலைவடிநீரும் பாதிக்குப் பாதி. சூடேற்றியை முழுச்சூட்டில் திருகிவைத்து இயந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை காத்திருந்தார். மறுநாள் ஆறிய நிலையில் அளவைப் பார்த்து நிரப்பினார். கோர் 240, கூலி 650, ஓஸ் 60, மூடி 25, கூலண்ட் முதலியன 90. மொத்தம் 1,065 வெள்ளி. ஒவ்வொன்றும் தாளில் எழுதப்பட்டிருந்தது. பழைய கோரையும் மூடியையும் பையில் இட்டுக் கையில் கொடுத்தார்.

எதிர்வாதங்களுக்கு விடை

"சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் வேண்டியதில்லையே" என்பார்கள். ஓரளவு உண்மை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கோர் உடைந்தால் ஓஸ்களைச் சேர்த்துவிட்டு வீடு வந்து சேர்வதே அறிவுடைமை. விவரம் அறிந்த உரிமையாளர், செலவைக் கருதி, தெரிந்தே அப்படி வைத்துக்கொள்வதும் அவர் உரிமை. நான் எதிர்ப்பது அதையன்று. காரணத்தைத் தேடாமல், விளைவுகளைச் சொல்லாமல், அதையே சிகிச்சை என்று விற்பதை எதிர்க்கிறேன்.

விளைவுகள் உண்டு. சில இயந்திரங்களில் சூடேற்றிப் பாதையும் நீரோட்டத்தின் ஒரு பகுதி. அதைச் சேர்க்காமல் வெறுமனே அடைத்துவிட்டால் ஓட்டம் கெடும். மலையில் மழையில் கண்ணாடியைத் தெளியவைக்க ஏர்கோன் உலர்த்திய காற்றைச் சூடாக்கித் தருவது அந்தக் கோர்தான். இயந்திரம் மிகையாகச் சூடேறும்போது சூடேற்றியை முழுதாகத் திறந்துவிட்டால் அது இரண்டாம் ரேடியேட்டராக உதவி, பாதுகாப்பான இடம்வரை ஓட்டிச் செல்ல வழி தரும். வெட்டிவிட்ட வண்டியில் அந்த வழி இல்லை. அந்த வண்டியை நாளை விலைக்கு வாங்குபவரிடம் இதை யார் சொல்லப் போகிறார்கள்?

"ஒழுக்கடைக்கும் பொடியை ஊற்றினால் ஆயிற்று" என்பார் வேறு சிலர். அந்தப் பொடிக்கு ஓட்டை எது, குழல் எது என்று தெரியாது. மெல்லிய குழல்களிலும் போய்ப் படிந்து அடைக்கும்.

"சோதிக்க நேரம் ஏது, வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார்" என்பது பட்டறைக்காரர்களின் வாதம். இதில் நியாயம் உண்டு. நம் மீதும் பழி உண்டு. பாகத்துக்கு நூறு வெள்ளி கொடுப்போம். பார்த்துச் சொன்னதற்கு முப்பது வெள்ளி கேட்டால், "சும்மா பார்த்ததற்குக் காசா?" என்று சண்டையிடுவோம். பார்ப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் யார் பார்ப்பார்கள்? பாகத்தை விற்றால்தான் பிழைப்பு என்று ஆக்கிவிட்டு, பாகத்தை விற்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். என் மாணவருக்குச் சோதனைக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் ஐயா" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு அழுத்திச் சொல்லப்பட்ட பாடம் ஒன்று உண்டு: குறையறி சோதனை இல்லாமல் குறைநீக்கல் போதனை இல்லை. மாணவன் வாசிக்கத் திணறினால், எழுத்தை அறியவில்லையா, எழுத்தைக் கூட்டத் தெரியவில்லையா, சொல்லின் பொருள் தெரியவில்லையா, கண்பார்வையே குறைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். என் மாணவர் இரண்டு குழாய்களையும் கிடுக்கியால் பிடித்துக் காட்டியது அந்தப் பாடம்தான். அதை நான் அவருக்குக் கற்பிக்கவில்லை.

2008இல் அவர் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு கோலோச்சிய காலம். 7ஏ எத்தனை பேர் என்பதே பள்ளியின் மானம். ஏழு ஏ எடுக்கக்கூடியவர்களுக்கு மாலை வகுப்பு, இரவு வகுப்பு, வார இறுதி வகுப்பு. எடுக்க முடியாதவர்கள் பின்வரிசையில். அவர்களுக்கு நாங்கள் குறையறி சோதனை செய்யவில்லை. "குடும்பம் அப்படி", "பையன் அப்படித்தான்" என்றோம். பழைய வண்டி என்றோம். நீரோட்டம் தடையின்றி முன்வரிசைக்குச் செல்லும்படி அவர்களைத் தவிர்த்து ஓஸைச் சேர்த்துவிட்டோம். அந்த நாள்களில் வகுப்பின் உடைந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டியவன் அந்தச் சிறுவன்தான். "படிப்பை விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு?" என்று அவனைக் கடிந்தவன் நான்தான்.

பிறகு அவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றார். யு.பி.எஸ்.ஆர். 2021இல் கைவிடப்பட்டது. தேர்வு போனாலும் எண்ணம் போகவில்லை. இன்றும் பெற்றோர் கூட்டத்தில் தொழிற்கல்லூரியைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கிறார்கள். "என் பிள்ளை போமன் ஆகவா?" என்கிறார்கள். ஐயன்மீர், நல்ல போமன் இல்லாததால்தான் ஓராண்டாக நம் பிள்ளைகள் நஞ்சு ஊறிய கம்பளத்தில் கால் வைத்து அமர்ந்திருக்கிறார்கள். கைத்தொழிலை மதிப்பெண் பெறாதவர்களின் புகலிடமாக நாமே ஒதுக்கிவிட்டு, பட்டறையில் அறிவியல் முறை இல்லையே என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

வண்டி வைத்திருப்போர், பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைச் சோதித்து இதைச் சொல்கிறீர்கள்? இது ஏன் கெட்டது? கழற்றிய பாகத்தைத் தருவீர்களா? விடை தருபவருக்குச் சோதனைக் கூலியை முகம் கோணாமல் கொடுங்கள். ரேடியேட்டருக்குக் குழாய்நீரை ஊற்றும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். மூடியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பட்டறை நடத்துவோர், "பழைய வண்டி" என்னும் சொல்லைக் காரணமாகக் கூறாதீர்கள். அழுத்தமானி விலை உயர்ந்த கருவியன்று. ஆசிரியர்களாகிய நாம், பின்வரிசையில் எவன் எதைக் கழற்றி மாட்டுகிறான் என்று ஒருமுறை எழுந்து சென்று பார்ப்போம்.

பழைய ஹீட்டர் கோரைப் பள்ளிக்குக் கொண்டு சென்று அறிவியல் அறையில் வைத்திருக்கிறேன். வெப்பம் பற்றிய பாடத்தில் மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். "ஐயா, இது ஏன் ஓட்டையாச்சு?" என்று எல்லாருக்கும் முன்பாகக் கேட்டவன், பின்வரிசையில் அமர்ந்திருப்பவன். அவன் பெற்றோரை வரும் வாரம் சந்திக்கவிருக்கிறேன்.

உங்கள் பட்டறிவையும் மாற்றுக் கருத்துகளையும் எழுதுங்கள்.